வீட்டில் கட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு பி.எஃப். கெப்பாசிட்டர்: எதை வாங்குவது, எதைச் செய்துகொள்வது

முதன்முதலாக ஆம்ப்ளிஃபையர் கட்ட இறங்குபவர்கள் காசையும் கவனத்தையும் கொட்டுவது ட்ரான்ஸ்ஃபார்மரிலும் 10,000 மைக்ரோ ஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டரிலும்தான். அதில் தப்பில்லை. ஆனால் பார்ட்ஸ் பட்டியலின் கடைசியில் 22 பி.எஃப். (பிகோ ஃபாரட்), 100 பி.எஃப்., 220 பி.எஃப். என்று நாலைந்து பொடிசுகள் இருக்கும். கடைக்காரர் டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிவந்து போர்டில் செருகிவிடுவார்கள். அவுட்புட் ட்ரான்சிஸ்டர் வருஷக்கணக்கில் ஓடுமா, பத்து நிமிடத்தில் புகையுமா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பவை அந்தப் பொடிசுகள்.

இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றி மட்டும். பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு சர்க்யூட்டை மனதில் வைத்துக்கொள்வோம்: பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர், சுமார் 50 வாட், முழுக்க ட்ரான்சிஸ்டரில் கட்டியது. இன்புட்டில் ஒரு ஜோடி ட்ரான்சிஸ்டர், அதற்கடுத்து வோல்டேஜைப் பெருக்கும் ஒற்றை ட்ரான்சிஸ்டர் (இதை இனி நடு ட்ரான்சிஸ்டர் என்கிறேன்), பிறகு டிரைவர், அவுட்புட். ஐசி வைத்துக் கட்டுபவர்களுக்கு எது பொருந்தாதோ அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: எந்தெந்த இடம் என்று பாருங்கள்

சர்க்யூட் படத்தை எடுத்துக்கொண்டு 1 மைக்ரோ ஃபாரடுக்குக் கீழே உள்ள எல்லாக் கெப்பாசிட்டர்களையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. வேலை தெரிந்தால்தான் எந்த வகையை வாங்குவது என்று முடிவு செய்ய முடியும். மதிப்பு மட்டும் போதாது.

இன்புட் ஜாக்கை ஒட்டி ஒரு ரெசிஸ்டரும், அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். வழக்கமாக 1 கே (1 கிலோ ஓம்), 220 பி.எஃப். ரேடியோ அலை உள்ளே புகாமல் தடுப்பது இதன் வேலை. செல்போன் அருகில் வந்தால் ஸ்பீக்கரில் 'டிக் டிக் டிக்' கேட்கிறதே, அது இந்த இடம் சரியில்லாத ஆம்ப்பில் அதிகம் வரும். எந்த அலைவெண்ணில் வெட்டத் தொடங்கும் என்று பார்க்க எளிய கணக்கு: 1,59,000 என்ற எண்ணை கிலோ ஓமாலும் பி.எஃப்.பாலும் வகுத்தால் கிலோ ஹெர்ட்ஸ் கிடைக்கும். 1 கே, 220 பி.எஃப். என்றால் 723 கிலோ ஹெர்ட்ஸ். காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோ ஹெர்ட்ஸ், ஆகவே ஒலிக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்னால் 50 கே வால்யூம் கன்ட்ரோல் வைத்திருந்தால், அதன் மின்தடை நடுவில் இருக்கும் நிலையில் அதுவே 12.5 கே மாதிரி நடந்துகொள்ளும். 1 கே-யோடு சேர்த்து 13.5 கே. இப்போது 220 பி.எஃப். 53 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டும், பரவாயில்லை. '220 இல்லை, 102 போட்டுக்கோ' என்று யாராவது 1000 பி.எஃப். கொடுத்தால் 11.8 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஜால்ரா சத்தம் மங்கிப்போய், காரணம் தெரியாமல் ட்வீட்டரை மாற்றிக்கொண்டு இருப்பீர்கள்.

அடுத்தது நடு ட்ரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருக்கும் கெப்பாசிட்டர். மில்லர் கெப்பாசிட்டர் என்பார்கள். 47 முதல் 100 பி.எஃப். வரை இருக்கும். இருப்பதில் முக்கியமானது இதுதான் என்பதால் தனியாக வருகிறேன்.

அவுட்புட்டில் ஒரு பங்கைத் திரும்ப இன்புட் பக்கம் கொண்டுவரும் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாகச் சில சர்க்யூட்டில் 10 அல்லது 22 பி.எஃப். இருக்கும். 22 கே ரெசிஸ்டருக்கு 22 பி.எஃப். போட்டால் 329 கிலோ ஹெர்ட்ஸ். படத்தில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஐசி ஆம்ப்பில் இது இன்னும் ஆபத்து. எல்எம்1875, எல்எம்3886 இரண்டும் குறைந்தது 10 மடங்கு பெருக்கம் இருந்தால்தான் நிலையாக நிற்கும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. இந்தக் கெப்பாசிட்டர் உயர் அலைவெண்ணில் பெருக்கத்தை ஒன்றை நோக்கி இறக்கிவிடும், ஐசி ஆசிலேஷனுக்குப் போய்விடும், அதாவது தானாகவே அலை கிளப்பத் தொடங்கும்.

அவுட்புட்டில் 10 ஓமும் 100 நானோ ஃபாரடும் தொடராகக் கிரவுண்டுக்குப் போகும். இது ஸோபெல்; ஆம்ப் ஆசிலேட் ஆகாமல் பிடித்து வைப்பது இதன் வேலை. டிடிஏ2030-க்கும் எல்எம்1875-க்கும் 1 ஓம், 220 நானோ, எல்எம்3886-க்கு 2.7 ஓம், 100 நானோ. நம்மூரில் எல்லோரும் கட்டிப் பழகும் 4440 ஐசிக்கு 4.7 ஓம், 100 நானோ. 'இது இல்லாமலே பாடுதே' என்று விட்டுவிடாதீர்கள். நீளமான ஸ்பீக்கர் ஒயரை மாட்டும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

கடைசியாக, சப்ளை லைனில் ஐசிக்கோ ட்ரான்சிஸ்டருக்கோ பக்கத்தில் நிற்கும் 104-கள் (100 நானோ ஃபாரட்; இந்த எண்களைப் படிப்பது அடுத்த படியில்). டோன் கன்ட்ரோல் வைத்தால் அதில் வரும் 223, 222 போன்றவை தனி.

படி 2: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

மூன்று இலக்கத்தில் முதல் இரண்டு எண், மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்பது. விடை பி.எஃப்.பில். 101 என்றால் 100 பி.எஃப்., 221 என்றால் 220 பி.எஃப்., 104 என்றால் 1,00,000 பி.எஃப்., அதாவது 100 நானோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

புதியவர்கள் விழும் இடம் '220'. இந்த முறைப்படி அது 22 பி.எஃப். தான், 220 அல்ல. அதேபோல '470' என்பது 47 பி.எஃப். ஆனால் சில கம்பெனிகள் 220 பி.எஃப்.பையே '220' என்று அச்சடிப்பதும் உண்டு. அதனால் பூஜ்யத்தில் முடியும் எதையும் மீட்டரில் வைக்காமல் நம்ப வேண்டாம். '22' என்று இரண்டே இலக்கம் இருந்தால் 22 பி.எஃப்., '4ஆர்7' என்றால் 4.7 பி.எஃப்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து துல்லியம்: ஜே 5 சதவீதம், கே 10, எம் 20. 'இசட்' என்று இருந்தால் கூட 80, குறைய 20 சதவீதம். அதை சப்ளை லைன் தவிர வேறெங்கும் போடாதீர்கள். ஃபிலிம் கெப்பாசிட்டரில் முன்னால் ஒரு குறியீடு வரும்: 1ஹெச் என்றால் 50 வோல்ட், 2ஏ 100, 2ஈ 250, 2ஜி 400, 2ஜே 630. கடையில் அதிகம் கிடைக்கும் '2ஏ104ஜே' என்ற பச்சை மைலரை (பாலியஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர்) இப்போது நீங்களே படித்துவிடலாம்.

படி 3: உள்ளே என்ன பொருள் என்று கேளுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். செராமிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதிகள் விற்கின்றன.

ஒன்று என்பிஓ, இன்னொரு பெயர் சி0ஜி. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் இதன் மதிப்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. குறுக்கே வோல்டேஜ் ஏறினாலும் அசையாது. இன்னொரு வகை பேரியம் டைட்டனேட் கலந்தது: எக்ஸ்7ஆர், இசட்5யூ, ஒய்5வி எல்லாம் இதில் அடங்கும். சின்ன உடம்பில் பெரிய மதிப்பை அடைக்க முடியும், ஆனால் விலை வேறு வகையில் கொடுக்க வேண்டும். எக்ஸ்7ஆர் தன் வெப்ப எல்லைக்குள் 15 சதவீதம் வரை மாறலாம். ஒய்5வி-க்கு அனுமதிக்கப்பட்ட மாற்றமே கூட 22, குறைய 82 சதவீதம். இது வெப்பத்தால் மட்டும் வருவது. குறுக்கே டிசி வோல்டேஜ் நிற்கும்போது மதிப்பு சரிவது தனிக் கணக்கு.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் சாதாரண 104 செராமிக் டிஸ்க் ஒன்றை மாட்டி, சூடான சால்டரிங் அயர்னை அதைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் ஓடத் தொடங்கும். மலிவு டிஸ்க் என்றால் கடகடவென்று இறங்கும்; அயர்னை எடுத்து ஊதினால் திரும்ப ஏறும். அதே இடத்தில் 100 பி.எஃப். என்பிஓ வைத்துச் செய்துபாருங்கள், கடைசி இலக்கம்கூட அசைய யோசிக்கும். கடையில் வகை எழுதாத டிஸ்க்கை இனம் பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. பழைய டிஸ்க்குகளில் தலையில் கறுப்புப் பட்டை அடித்திருந்தால் என்பிஓ என்று அர்த்தம்.

இரண்டாவது வகைக்கு இன்னொரு குணமும் உண்டு: தட்டினால் பேசும். பேரியம் டைட்டனேட் அழுத்தத்தை மின்சாரமாக மாற்றக்கூடிய பொருள். சிக்னல் பாதையில் அதை வைத்து, வால்யூமை ஏற்றி, பென்சில் முனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கும்.

இதிலிருந்து முடிவு எளிது. சிக்னல் போகும் இடம், ஃபீட்பேக், மில்லர் ஆகியவற்றில் பி.எஃப். மதிப்புக்கு என்பிஓ. நானோ ஃபாரட் மதிப்புக்கு ஃபிலிம்: பாலியஸ்டர் போதும், பாலிப்ராப்பிலீன் கிடைத்தால் நல்லது. சப்ளை லைனில் நிற்கும் 104-க்கு எக்ஸ்7ஆர் தாராளமாகப் போடலாம். அங்கே மதிப்பு 15 சதவீதம் ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதன் காலை நீட்டி வைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் காலுக்கு ஏறக்குறைய 1 நானோ ஹென்றி இண்டக்டன்ஸ். இரண்டு காலும் தலா ஒரு சென்டிமீட்டர் என்றால் 20 நானோ ஹென்றி. 100 நானோ ஃபாரடோடு சேர்ந்து 3.5 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் அது கெப்பாசிட்டராகவே வேலை செய்யாது. அந்த எல்லைக்கு மேலேயும் ஐசிகள் ஆசிலேட் ஆகக்கூடியவை.

மைக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். சில்வர் மைக்கா நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. ஒரு காலத்தில் கோடர்மா சுரங்கங்களிலிருந்தும் நெல்லூர், கூடூர் பக்கமிருந்தும் போன மைக்கா உலகம் முழுக்க ரேடியோக்களில் உட்கார்ந்திருந்தது. இன்றும் 300, 500 வோல்ட் தாங்கும் மைக்கா சுலபமாகக் கிடைப்பதால் மில்லர் இடத்துக்கு வசதி. ஆனால் 'மைக்கா போட்டால் குரல் இனிக்கும்' என்று சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். அதே மதிப்பு, அதே வோல்ட் என்பிஓ அந்த வேலையைக் குறையில்லாமல் செய்யும். பாலிஸ்டைரீனும் நல்லதுதான், ஆனால் சூடு தாங்காது. சால்டர் செய்யும்போது காலை மூக்குப் பிளேயரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் உள்ளேயே உருகும்.

படி 4: மில்லர் கெப்பாசிட்டருக்குக் கணக்குப் போடுங்கள்

ஐசி ஆம்ப்பில் இது சிப்புக்குள்ளேயே இருப்பதால் ஐசி வைத்துக் கட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆம்ப்ளிஃபையர் தன் அவுட்புட்டில் ஒரு பங்கைத் திரும்ப இன்புட்டுக்கு எதிராகக் கொண்டுவருகிறது. அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். ஆனால் ஒவ்வொரு ட்ரான்சிஸ்டரும் கொஞ்சம் தாமதிக்கும். அலைவெண் ஏற ஏற அந்தத் தாமதம் கூடி, ஒரு கட்டத்தில் எதிர்க்க வேண்டிய சிக்னல் ஒத்தூத ஆரம்பிக்கும். அந்த நேரத்திலும் பெருக்கம் மிச்சமிருந்தால் ஆம்ப் தானாகவே மெகா ஹெர்ட்ஸில் அலை கிளப்பும். காதுக்குக் கேட்காது, ட்ரான்சிஸ்டருக்குக் கேட்கும். மில்லர் கெப்பாசிட்டர் அந்த எல்லை வருவதற்கு முன்பே பெருக்கத்தை ஒழுங்காக இறக்கிக் கொண்டுவருகிறது.

நம் சர்க்யூட்டில் இன்புட் ஜோடிக்குச் சேர்த்து 2 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஒவ்வொரு எமிட்டரிலும் 100 ஓம் இருக்கிறது, கலெக்டர் பக்கம் கரண்ட் மிரர் (இரு பக்கக் கரண்டையும் சமமாக வைக்கும் ட்ரான்சிஸ்டர் ஜோடி) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ட்ரான்சிஸ்டருக்கும் 1 மில்லி ஆம்பியர் என்பதால் அதன் உள் எமிட்டர் தடை 26 ஓம். 100-ஐக் கூட்டினால் 126. இதைத் தலைகீழாக்கினால் ஒரு வோல்ட்டுக்கு 7.9 மில்லி ஆம்பியர். மில்லர் 100 பி.எஃப். என்றால் ஃபீட்பேக் இல்லாத பெருக்கம் ஒன்றாகும் இடம் 12.6 மெகா ஹெர்ட்ஸில் வரும். ஆம்ப்பின் பெருக்கம் 23 மடங்கு என்றால் ஃபீட்பேக் வளையம் அடங்குவது சுமார் 550 கிலோ ஹெர்ட்ஸில். சாதாரண அவுட்புட் ட்ரான்சிஸ்டருக்கு இது சுகமான இடம்.

'100 எதற்கு, 10 பி.எஃப். போட்டால் வேகமாக இருக்குமே' என்று ஒரு யோசனை வரும். போட்டால் அந்த 550 கிலோ ஹெர்ட்ஸ் 5.5 மெகா ஹெர்ட்ஸ் ஆகும். அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் அங்கே ரொம்பவே பின்தங்கிவிடும். ஆசிலேஷன் ஏறக்குறைய நிச்சயம். வேகம் போதுமா என்பதற்கும் கணக்கு உண்டு. மில்லி ஆம்பியரை பி.எஃப்.பால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மைக்ரோ செகண்டுக்கு எத்தனை வோல்ட் ஏற முடியும் என்று கிடைக்கும்: 2 மில்லி, 100 பி.எஃப்., ஆக 20 வோல்ட். 8 ஓமில் 50 வாட் முழு சத்தத்தில் 20 கிலோ ஹெர்ட்ஸ் பாடத் தேவைப்படுவது 3.6 வோல்ட். ஐந்து மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. எமிட்டரில் 100 ஓம் இல்லாத பழைய சர்க்யூட் என்றால் கதை மாறும்: பெருக்கம் ஐந்து மடங்கு கூடுவதால் அதற்கேற்ற மில்லர் வேண்டும். ஒரு சர்க்யூட்டின் மதிப்பை இன்னொன்றில் ஒட்டவைப்பது ஏன் ஆகாது என்பது இதிலேயே தெரியும்.

இனி வோல்டேஜ். படத்தில் 'சின்ன 100 பி.எஃப்.' தானே என்று 50 வோல்ட் டிஸ்க்கைப் போடுகிறார்கள். நடு ட்ரான்சிஸ்டரின் பேஸ் மைனஸ் 34 பக்கம் உட்கார்ந்திருக்கும். கலெக்டர் முழு சத்தத்தில் பிளஸ் 30-க்கும் மேலே போய்வரும். ஆக கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 65 வோல்ட்டைத் தாண்டும். 100 வோல்ட் கட்டாயம், 200 இருந்தால் நிம்மதி. இந்த இடத்தில் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் அவுட்புட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஸ்பீக்கருக்கே முழு டிசி போகும். மலிவு எக்ஸ்7ஆர் போட்டால் இன்னொரு கேடு: சிக்னல் ஏறி இறங்கும்போதெல்லாம் மதிப்பும் ஏறி இறங்குவதால் அதுவே டிஸ்டார்ஷன் ஆகும்.

படி 5: வாங்குதல்

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது; மற்ற ஊர்களில் ரேடியோ ஸ்பேர்ஸ் கடைகளும் ஆன்லைனும். எங்கே போனாலும் '22 பி.எஃப். குடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். '22 பி.எஃப்., என்பிஓ, 100 வோல்ட்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று பதில் வந்தால் அடுத்த கடை. ஒன்றிரண்டாக வாங்காமல் பத்துப் பத்தாக வாங்குங்கள், விலை சில்லறைக் காசுதான். இரண்டு சேனலுக்கும் ஒரே பட்டையிலிருந்து வெட்டி எடுத்தால் மதிப்பு ஒத்துப்போகும். டோன் கன்ட்ரோலில் இது முக்கியம். 1952-இல் ஆங்கிலேய எஞ்சினியர் பாக்ஸாண்டால் வெளியிட்ட டோன் கன்ட்ரோல் சர்க்யூட்தான் இன்றும் பெரும்பாலான பாஸ்-ட்ரெபிள் போர்டுகளுக்கு அடிப்படை. அதில் இடதுக்கும் வலதுக்கும் கெப்பாசிட்டர் 20 சதவீதம் வித்தியாசப்பட்டால் குமிழைத் திருப்பும்போது பாடகர் ஒரு பக்கமாக நகர்வார். ஜே வகை ஃபிலிம் வாங்குங்கள்.

பழைய போர்டுகளிலிருந்து எடுப்பதும் நல்ல வழி. பழைய ரேடியோக்களில் பாலிஸ்டைரீனும் மைக்காவும் ட்ரிம்மரும் (திருகி மதிப்பை மாற்றும் கெப்பாசிட்டர்) கிடைக்கும். பிக்சர் டியூப் டிவி போர்டில் உயர் வோல்ட் பாலிப்ராப்பிலீன் இருக்கும். ஆனால் அதிலுள்ள நீல நிற 1 கிலோ வோல்ட், 2 கிலோ வோல்ட் டிஸ்க்குகளைப் பார்த்து மயங்க வேண்டாம். வோல்ட் தாங்கும், பெரும்பாலும் என்பிஓ அல்ல. டிவி போர்டைத் தொடும் முன் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்யுங்கள். 230 வோல்ட்டை நேராக ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும். மெயின்ஸ் குறுக்கே வரும் எக்ஸ்2 (மெயின்ஸுக்கென்றே செய்யப்பட்ட பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டருக்கு மட்டும் மாற்றுச் சரக்கு தேடாதீர்கள், எக்ஸ்2 தான் வேண்டும்.

படி 6: கையால் செய்துகொள்ளுதல்

எவ்வளவு வரை செய்யலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஓஹெச்பி ஷீட் போன்ற 0.1 மில்லிமீட்டர் பாலியஸ்டர் தாளின் இரு பக்கமும் அலுமினிய ஃபாயில் ஒட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 28 பி.எஃப். கிடைக்கும். 100 பி.எஃப்.புக்கு ஒரு தபால் தலை அளவு போதும். 100 நானோவுக்கு 3,500 சதுர சென்டிமீட்டர். ஒரு செய்தித்தாள் பக்கத்தைவிடப் பெரிது. அதனால் நானோ ஃபாரடை மறந்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப்.பிலும் ஃபாயில் தயாரிப்பு நடுவே காற்று சிக்கி, அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்று என்று ஆடும். ஆம்ப்புக்கு வேண்டாம்.

உருப்படியான வழிகள் மூன்று. 10 பி.எஃப்.புக்குக் கீழே என்றால் லேன் கேபிள். உள்ளே முறுக்கிய ஜோடிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றை உருவினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 50 பி.எஃப்., சென்டிமீட்டருக்கு அரை பி.எஃப். 10 சென்டிமீட்டர் வெட்டினால் 5 பி.எஃப். ஒரு முனையில் ஆளுக்கொரு கம்பியாகச் சால்டர் செய்து, மறு முனையைத் திறந்தபடி விட வேண்டும். இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி ஒன்றைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுங்கள். உறை பாலிஎத்திலீன் என்பதால் இழப்பு குறைவு. பிவிசி உறை போட்ட சாதாரண ஒயரை முறுக்கினாலும் கெப்பாசிட்டர்தான், ஆனால் தரம் மட்டம்.

10 முதல் 30 பி.எஃப். வரைக்கும் மெல்லிய கோஆக்சியல் ஒயர். ஆர்ஜி-174 அல்லது ஆர்ஜி-58 மீட்டருக்கு ஏறக்குறைய 100 பி.எஃப்., அதாவது சென்டிமீட்டருக்கு 1 பி.எஃப். 22 சென்டிமீட்டர் வெட்டினால் 22 பி.எஃப்.; ஸ்கேலே மீட்டர் ஆகிவிடுகிறது. டிஷ் டிவிக்கு வரும் ஆர்ஜி-6 இதில் பாதி, அதனால் இரட்டிப்பு நீளம் வேண்டும். மில்லர் இடத்தில் சோதிக்கும்போது நடுக் கம்பியைப் பேஸுக்கும் வலையைக் கலெக்டருக்கும் கொடுங்கள். பேஸ் இரைச்சலைப் பிடிக்கும் இடம், அது வலைக்குள் இருக்கட்டும். வலையில் 30 வோல்ட் ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் வேறெதிலும் உரசக் கூடாது.

மூன்றாவது, இரு பக்கமும் செம்பு உள்ள 1.6 மில்லிமீட்டர் கண்ணாடி இழை பிசிபி. சதுர சென்டிமீட்டருக்கு 2.4 பி.எஃப். 3 சென்டிமீட்டர் சதுரத் துண்டு 22 பி.எஃப். ஓரத்தை அரம் வைத்து ராவ ராவ மதிப்பு இறங்கும். வோல்டேஜைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் இந்தப் பொருளின் இழப்பு என்பிஓவைவிடப் பல மடங்கு அதிகம்.

மூன்றுமே மதிப்பைக் கண்டுபிடிக்கத்தான். நிரந்தரமாக விட அல்ல. சரியான எண் தெரிந்ததும் அந்த மதிப்பில் என்பிஓ வாங்கி மாட்டுங்கள். கடையில் அந்த மதிப்பு இல்லையென்றால் இருப்பதைச் சேர்க்கலாம்: 22-ஐயும் 10-ஐயும் இணையாக வைத்தால் 32; இரண்டு 100 பி.எஃப்.பைத் தொடராக வைத்தால் 50. தொடரில் வோல்டேஜும் இரண்டாகப் பிரியும் என்பதால், 50 வோல்ட் சரக்கு மட்டுமே கைவசம் உள்ள நாளில் ஒரே மாதிரி இரண்டைத் தொடரில் வைத்து ஆம்ப்பை ஓடவிடலாம்.

படி 7: அளத்தல்

சாதாரண மல்டிமீட்டரில் 20 நானோ ரேஞ்ச்தான் சிறியது என்றால் அது 10 பி.எஃப். படியில் காட்டும், 22 பி.எஃப்.பை அதில் அளப்பது வீண். அதற்கு ஒரு தந்திரம்: அதே வகையில் பத்தை இணையாக முறுக்கி அளந்து பத்தால் வகுங்கள். சராசரி தெரிந்துவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காம்போனென்ட் டெஸ்டர்கள் 25 பி.எஃப்.புக்குக் கீழே தடுமாறும்; ஏற்கெனவே அளந்து வைத்த 100 பி.எஃப். என்பிஓவோடு இணைத்து, கூடியதைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த மீட்டரானாலும் முதலில் ஒன்றும் மாட்டாமல் அது காட்டும் எண்ணைக் குறித்து வைத்துக் கழிக்க வேண்டும். அளக்கும்போது காலைக் கையால் பிடித்தால் உங்கள் விரலையும் சேர்த்துத்தான் அளக்கும்.

படி 8: மாட்டிச் சோதித்தல்

மில்லர் கெப்பாசிட்டரை நடு ட்ரான்சிஸ்டரை ஒட்டி, கால்களைக் குட்டையாக வைத்துச் சால்டர் செய்யுங்கள். இன்புட் 220 பி.எஃப். ஆம்ப் போர்டின் இன்புட் முனையிலேயே நிற்கட்டும். ஸோபெலுக்கு 100 வோல்ட் ஃபிலிம், ரெசிஸ்டர் 2 வாட். ஒயர் சுற்றிய வகை வேண்டாம், அதற்கே இண்டக்டன்ஸ் உண்டு.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது மெயின்ஸில் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, அதாவது சீரியஸ் லேம்ப். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், இன்புட்டை ஷார்ட் செய்துவிடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு அடங்க வேண்டும். அவுட்புட்டில் டிசி சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஆசிலேஷன். ஆசிலாஸ்கோப் இருந்தால் அவுட்புட்டில் 8 ஓம் பவர் ரெசிஸ்டர் போட்டு, 10 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையைச் சிறிய அளவில் கொடுங்கள். மூலையில் ஒன்றிரண்டு சிற்றலை வந்து அடங்கினால் சரி. அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் மில்லர் மதிப்பை 47-லிருந்து 68, 68-லிருந்து 100 என்று ஏற்றுங்கள். பிறகு 8 ஓமுக்கு இணையாக 1 நானோ, 10 நானோ, 100 நானோ, 1 மைக்ரோ என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். நீளமான ஸ்பீக்கர் ஒயர் கொடுக்கும் தொல்லையை இது முன்கூட்டியே காட்டிவிடும்.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அவுட்புட்டிலிருந்து 100 பி.எஃப்., அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1என்4148 டயோடு, அதே முனையிலிருந்து 100 கே வழியாக மல்டிமீட்டருக்கு டிசி வோல்ட் ரேஞ்சில். மீட்டரின் மறு முனை கிரவுண்டில். 100 பி.எஃப். டிசியைத் தடுத்துவிடும், மெகா ஹெர்ட்ஸை விடும். இன்புட் ஷார்ட் ஆகி இருக்கும் நேரத்தில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிளஸோ மைனஸோ ஒரு வோல்ட் பக்கம் காட்டினால் ஆம்ப் ஆடுகிறது. அரை வோல்ட்டுக்குக் குறைவான ஆசிலேஷனை இந்த டயோடு பிடிக்காது. பழைய ஜெர்மேனியம் டயோடு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

இன்னொரு சாட்சி ஸோபெல் ரெசிஸ்டர். 20 கிலோ ஹெர்ட்ஸ் முழு சத்தத்திலேயே அதில் முக்கால் வாட்கூடப் போகாது. பாட்டு ஓடும்போது அதைவிட வெகு குறைவு. ஆனால் 1 மெகா ஹெர்ட்ஸில் வெறும் 10 வோல்ட் ஆசிலேஷன் இருந்தாலே 10 வாட்டுக்கு நெருங்கிவிடும். பாட்டே இல்லாமல் அந்த ரெசிஸ்டர் கருகினால் ரெசிஸ்டரைப் பெரிதாக்காதீர்கள், மில்லரையும் சப்ளை 104-களின் கால் நீளத்தையும் பாருங்கள்.

எல்லாம் அமைதியாக இருந்தால் ஹீட் சிங்க் நன்றாகச் சுடும் வரை 8 ஓம் ரெசிஸ்டரில் பாட்டை ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். குளிரில் ஒழுங்காக இருந்துவிட்டு வெப்பத்தில் ஆடும் போர்டுகள் உண்டு. அதிலும் தேறியது என்றால் சோதனைக்கு வைத்த கோஆக்சியலையும் பிசிபி துண்டையும் கழற்றி, அதே மதிப்பில் என்பிஓ மாட்டி, அளந்து, இரண்டாவது சேனலையும் அதே வரிசையில் முடித்துவிட்டு ஸ்பீக்கரை இணைக்கலாம்.